பத்து லட்சத்து நூற்று முப்பத்து மூன்று

துடிப்பு 9,14,220
சுடலை எழுதுவது. நிலையத்துக்குக் காவலும் நானே, சமையலும் நானே. வேறு ஆள் இல்லை. தண்ணீர் சரி, காற்று சரி, ரசத்தில் உப்பு கொஞ்சம் தூக்கல். விண்கல் சுடும் துப்பாக்கிகள் நான்கும் ஓடுகின்றன. அவற்றை முடுக்கியதிலிருந்து நொடிக்கு ஒரு துடிப்பு என்று கணக்கு. ஒரு துப்பாக்கி ஏழு துடிப்புக்கு ஒருமுறை சுடும்; மற்றவை ஒன்பது, பதினொன்று, பதிமூன்றுக்கு ஒருமுறை. ரேடியோவில் மட்டுமே பழகிய வேதவல்லியின் விண்ணோடம் அவற்றின் குறுக்கே ஒரே துடிப்பில் பாய்ந்து உள்ளே வரவேண்டும். எந்தத் துடிப்பில் என்று நிலவுத் தலைமையகம் எண் அனுப்பியது: 10,00,133. அதை அவளுக்குத் தட்டிவிடுவது என் வேலை.

இலக்கங்களைக் கூட்டினேன். எட்டு! கூட்டினால் எட்டு வருகிற நம்பரில் எங்கள் ஊரில் ஸ்கூட்டர்கூட வாங்கமாட்டோம். முதல் தடவை வருகிற பெண்ணுக்கு எட்டா? ஒன்று சேர்த்து 10,00,134 என்று அனுப்பிவிட்டேன். ஒன்பது, ராசியான எண். ஒரு நொடியில் என்ன வந்துவிடப்போகிறது?

"அண்ணே, நம்பர் வந்துடுச்சு. உங்க ரசத்தைச் சொல்லி எல்லாரும் பயமுறுத்துறாங்க."

"குடிச்சவங்க யாரும் குறை சொன்னதில்ல தாயி. எந்திரிச்சாத்தானே சொல்ல!"

துடிப்பு 9,99,310
ஓடம் வேகம் குறைக்கிறது. எஞ்சின் அனலில் ரேடியோ கேட்காது. கடைசியில் கொஞ்ச நேரம்தான் திறக்கும். தலைமையகத்தில் கணக்குப் போடும் முபாரக் சார் பேசினார்.

"சுடலை, நம்பரை ஒழுங்கா அனுப்பினீங்களா? அது பகா எண். ஒண்ணையும் தன்னையும் தவிர எதாலயும் வகுபடாது. அதனாலதான் அந்தத் துடிப்புல ஒரு துப்பாக்கியும் சுடாது. சந்தேகம்னா சொல்லுங்க, இங்கேருந்தே எல்லாத்தையும் நிறுத்திடுறேன்."

"அப்படியே அனுப்பிட்டேன் சார். நான் என்ன சின்னப் பிள்ளையா?"

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன்.

துடிப்பு 9,99,702
10,00,134-ஐ ஒன்பதால் வகுத்தேன். மீதி இல்லை. வேறு எண்களையும் போட்டுப் பார்த்தேன். கூட்டினால் ஒன்பது வருவதெல்லாம் ஒன்பதால் வகுபடுகிறது. ராசி என்று நான் தேடிப் பிடித்தது ஒன்பதுக்கு ஒருமுறை சுடும் துப்பாக்கியின் எண்.

துப்பாக்கிகளை நிறுத்த இங்கே வழி இல்லை. முபாரக் சாரைக் கூப்பிட்டால் நிறுத்திவிடுவார். கை போகவில்லை. எட்டுக்குப் பயந்து மாற்றினேன் என்று எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு சொல்வது? தலைமையகமே சிரிக்கும். வேதா ரேடியோவில் வரட்டும், அவளிடம் மட்டும் சொல்லிக்கொள்ளலாம். இங்கே பார்க்க ஆளே இல்லை, ஆனாலும் முகம் எரிகிறது.

துடிப்பு 10,00,251
10,00,097-ல் ரேடியோ திறந்தது.

"அண்ணே! ரசம் கொதிக்குதா?"

"தாயி, ஒரு துடிப்பு முன்னாடி வந்துடு."

"ஏம்ணே?"

தப்பு என்னுடையது என்று சொன்னால் போதும். வாய் வேறு சொன்னது.

"ரசம் ஆறிடும்ல."

சிரித்தாள். "ஆறட்டும். எப்பப் பாரு கேலிதானா? நீங்க அனுப்பின நம்பர்லதான் வருவேன்."

"வேதா, கேலி இல்ல, நெசமாவே..."

"உங்களத் தெரியாதாண்ணே? வைக்கிறேன், கை நிறைய வேலை."

அதன்பின் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். 10,00,134-ல் ஜன்னலில் வெளிச்சம் வந்து போனது. ஓடம் வந்து சேரவில்லை.

துடிப்பு 10,00,306
"சுடலை, வேதா வந்தாச்சா?"

"வந்தாச்சு சார். அசந்து தூங்குறா."