முந்தைய வீட்டுக்காரர் தரும் சான்று

அன்பு மகளுக்கு,

தர மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. யோசித்துத் தருகிறேன் என்றேன். இரண்டுக்கும் நடுவில் உள்ள வித்தியாசத்தை நான் விளக்குவதற்குள் நீ போனை வைத்துவிட்டாய். பரவாயில்லை. அத்தனை வேகமாகக் கோபம் வருகிறதென்றால் உடம்பு நன்றாக இருக்கிறதென்று அர்த்தம், அதனால் சௌக்கியமா என்று கேட்கிற வரியை மிச்சப்படுத்திக்கொள்கிறேன். இங்கே நாங்களும் அப்படியே. அப்பாவுக்கு முழங்கால் வலி மாடிப்படியைப் பார்த்தால் மட்டும் வருகிறது. சாப்பாட்டு மேசையைப் பார்த்தால் வருவதில்லை.

நீ வெளிநாடு போய் ஒன்பது வாரம். ஒன்பது வாரமாகக் கூட வேலை பார்க்கிற பெண்ணின் கூடத்து சோபாவில் படுத்திருக்கிறாய், பெட்டியிலிருந்து மேலே இருக்கிற துணியை மட்டும் எடுத்து உடுத்துகிறாய், பன்னிரண்டு வீடு பார்த்திருக்கிறாய். பன்னிரண்டையும் போனில் நானும் பார்த்தேன். அடுப்புக்குப் பக்கத்திலேயே குளியல் தொட்டி இருந்த வீடு. கொதிக்கிறதைக் கிளறிக்கொண்டே குளிக்கலாமே என்று அப்பா சந்தோஷப்பட்டார். கட்டிலை மடக்கினால்தான் கதவு திறக்கிற அறை. ஐந்து பேர் வரிசையாக உட்கார்ந்து உன்னை நேர்காணல் செய்த வீடு, அதில் ஒருவன், பாத்திரம் கழுவுவது பற்றி உங்கள் கொள்கை என்ன என்று கேட்டானாம். உன் கொள்கை எனக்குத் தெரியும். நல்லவேளை, அவன் என்னைக் கேட்கவில்லை. பன்னிரண்டாவது வீட்டில் நீ ஒன்றுமே பேசவில்லை. மூன்றாவது மாடி, ஓர் அறை, ஒரு மூலைச் சமையல், சைக்கிள்கள் நிறுத்துகிற முற்றத்தைப் பார்த்த ஜன்னல். அந்த ஜன்னலை இரண்டு தடவை காட்டினாய். பிடிக்காத இடத்தில் குறை சொல்லிக்கொண்டே நடப்பவள் வாயை மூடிக்கொண்டாள் என்றால் எனக்குத் தெரியாதா. வீட்டுக்கார அம்மாளையும் பார்த்தேன். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். ஒவ்வொரு குழாயாகத் திறந்து, சூடு வரும்வரை நின்று, உன் கையைப் பிடித்துத் தண்ணீருக்குள் வைத்தார். எனக்கு அவரைப் பிடித்தது. அவர் கேட்பது ஒன்றே ஒன்று, இதற்குமுன் நீ குடியிருந்த வீட்டின் உரிமையாளர் நிரப்பித் தருகிற படிவம். வெள்ளிக்கிழமைக்குள். இல்லாவிட்டால் அந்த ஜன்னல் உனக்குப் பின்னால் நிற்கிற இரண்டு பேரில் ஒருவருக்கு.

இருபத்தாறு வருடத்தில் இந்த ஒரு வீட்டைத் தவிர வேறெங்கும் குடியிருக்காத நீ என்ன சொல்லியிருக்கிறாய்? என் வீட்டுக்காரர் ஓர் அம்மாள், அரசாங்க ஆபீசில் வேலை, ரொம்பக் கண்டிப்பு, லேசில் எதிலும் கையெழுத்துப் போட மாட்டார். யோசித்துப் பார்த்தேன். வீடு என் பெயரில்தான் இருக்கிறது. ஆபீஸ் உண்மை. கண்டிப்பும் உண்மைதான். ஒரு பொய்யைக்கூட உள்ளே விடாமல் முழுசாக ஒரு பொய்யைக் கட்டி நிறுத்த உனக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? அப்பாவாகத்தான் இருக்கும். அதற்குமேல் போனில், “சும்மா எழுதிக் குடும்மா, கையெழுத்தப் பாத்தா அம்மான்னு தெரியவா போகுது” என்கிறாய். பிறப்பு இறப்புப் பதிவில் இருபத்தெட்டு வருடம் உட்கார்ந்திருக்கிறேன் கண்ணு. ஒரே ஒரு நாள் தேதியைத் தள்ளிப் போடச் சொல்லி என் மேசைமேல் தலையை வைத்து அழுதவர்கள் உண்டு. எனக்கு ஆபீசில் இரும்புப் பேனா என்று பெயர் வைத்திருப்பது தெரியும், வருகிறவர்களிடம் “இரும்புப் பேனாகிட்ட போகாதீங்க, அடுத்த கவுண்டருக்குப் போங்க” என்று பியூன் சொல்வதும் காதில் விழும். இவ்வளவையும் சம்பாதித்தபின் சொந்தப் பெண்ணுக்காகப் பார்க்காததைப் பார்த்ததாக எழுத வேண்டுமா?

அப்பாவுக்கு இந்தச் சங்கடமெல்லாம் கிடையாது. உன் போன் வந்த அரை மணி நேரத்தில் அவராகவே ஒரு சான்று எழுதிக்கொண்டு வந்து நீட்டினார். தண்ணீர் மோட்டார் விற்கிற கை அல்லவா. சத்தமில்லாதவர், பராமரிப்புச் செலவு மிகக் குறைவு, எந்தச் சூழ்நிலையிலும் நீண்டநாள் உழைப்பவர், ஒருமுறை வைத்துக்கொண்டவர்கள் மாற்றியதில்லை. இரண்டு வருடக் கியாரண்டியும் போட்டுவிடுங்கள் என்றேன். நிஜமாகவே பேனாவைத் திறந்தார்.

ஆகையால் நானே உட்கார்ந்தேன். முதல் கேள்வி சுலபம், எத்தனை ஆண்டுகள் குடியிருந்தார். எழுதினேன். வாடகை ஒழுங்காகத் தந்தாரா. கேட்கப்படவில்லை என்று எழுதினேன். வளர்ப்புப் பிராணி உண்டா. நாலாம் வகுப்பில் செருப்புப் பெட்டிக்குள் ஆறு நாள் ஒரு பூனைக்குட்டியை வைத்திருந்தாய், எங்களுக்குத் தெரியாதென்று இன்றுவரை நினைத்துக்கொண்டிருக்கிறாய். ஆறு நாளும் ஒரு டம்ளர் பால் கூடுதலாகக் காய்ச்சியது யார் என்று நினைத்தாய்? தற்போது இல்லை என்று எழுதினேன். அக்கம்பக்கத்தாரிடமிருந்து புகார் உண்டா என்ற கேள்விக்கு நானாகப் பதில் எழுதுவது முறையில்லை, பக்கத்து வீட்டு டியூஷன் வாத்தியாரிடம் போய்க் கேட்டேன். “குளிக்கிறப்போ பாடுவா. சுருதி சேராது. அதுக்கு ஏதாவது கட்டம் இருக்கா?” என்றார். இல்லை என்றேன். நான் படி இறங்கும்போது கூப்பிட்டு, “அவ போனப்புறம் தெரு சப்புன்னு இருக்குங்க, அதுக்கும் கட்டம் இருக்காது” என்றார். புகார் இல்லை என்று எழுதினேன்.

அடுத்த கேள்வியில் நின்றுவிட்டேன். காலி செய்த தேதி. அறை முழுமையாகக் காலி செய்யப்பட்டதா.

பேனாவை மூடி வைத்தேன். இதைத்தான் யோசித்துத் தருகிறேன் என்று சொன்னேன், நீ கேட்கவில்லை. நீ விமானம் ஏறிய தேதி எனக்குத் தெரியும், நேரம்கூடத் தெரியும். அது காலி செய்த தேதி ஆகாது. உன் அறையில் உன் துணி இருக்கிறது, புத்தகம் இருக்கிறது, நாற்காலி முதுகில் நீ கழற்றிப்போட்ட துப்பட்டா அப்படியே இருக்கிறது. ஒன்பது வாரமாக நான் அதைச் சுற்றிப் பெருக்கிக்கொண்டிருக்கிறேன். அதை எடுத்து மடிக்க எனக்கு எவ்வளவு நேரமாகும், அரை நிமிடம். எடுக்கவில்லை. ஏன் என்று என்னையே கேட்டுக்கொள்ள ஒரு படிவம் வர வேண்டியிருந்தது. அப்பா கதவோரம் நின்று, “ஆமான்னு ஒரு டிக் அடிச்சிடேன், அங்கேருந்து யாரு வந்து பாக்கப்போறா” என்றார். யாரும் வரமாட்டார்கள். நான் இருக்கிறேனே.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டீ குடித்துவிட்டு ஆரம்பித்தேன். துப்பட்டாவை முதலில். அப்புறம் கை ஓடியது. உன் அலமாரியில் ஒற்றைக் கம்மல் மட்டும் ஐந்து. ஐந்து காது உள்ளவர்கள் யாரையாவது உனக்குத் தெரியுமா? கட்டிலுக்கு அடியில் நான் இரண்டு வருடமாகத் தேடின என் கத்தரிக்கோல். அதை நீ பார்க்கவே இல்லை என்று சத்தியம் செய்தது நினைவிருக்கிறதா. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒரு தாள் ஒட்டியிருந்தாய், போகுமுன் செய்ய வேண்டியவை. விசா, ஊசி, வங்கி, பல் டாக்டர், அம்மாவிடம் சொல்வது, செருப்புக்கு வார். எல்லாவற்றையும் டிக் அடித்திருக்கிறாய். பல் டாக்டருக்கு அடுத்தபடி நான். பல் பிடுங்கிக்கொண்ட தைரியத்தில் என்னிடம் வந்திருக்கிறாய் போல. அந்த நாளை யோசித்தேன். நீ சொன்னதும் நான் எழுந்துபோய்த் துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன். நீ அதைக் கண்டுகொள்ளாததுபோல நின்றாய். நன்றாகத்தான் நின்றாய்.

சேதம் ஏதும் உண்டா என்ற கேள்விக்காக அப்பாவும் நானும் சுவரைச் சோதித்தோம். நீ படம் மாட்டிய ஆணி ஓட்டைகள் பதினான்கு, படம் இரண்டு. மேசைக்கு அடியில் சூயிங்கம், காலவரிசைப்படி. கட்டிலோரச் சுவரில், நீ சாய்ந்து சாய்ந்து படித்த இடத்தில், தலையளவுக்கு ஓர் எண்ணெய்க் கறை. வெள்ளையடித்துவிடலாம் என்று அப்பா வாளியே எடுத்துவிட்டார். வேண்டாம் என்றேன். சாதாரணப் புழக்கத்தால் வருவது சேதம் ஆகாதென்று படிவத்திலேயே அச்சடித்திருக்கிறது. ஓட்டைகளைச் சேதக் கட்டத்தில் எழுதினேன், கறையை எழுதவில்லை. மத்தியானத்துக்குள் ஏழு அட்டைப்பெட்டி, பரண் மேல். நிஜமாகவே காலி. பேசினால் எதிரொலித்தது. தேதியை எழுதினேன், ஞாயிற்றுக்கிழமைத் தேதி.

சாயங்காலம் பார்க்கிறேன், உன் அறையில் புதுக் குடித்தனக்காரர். மோட்டார்ப் பட்டியல்கள், மூக்குக் கண்ணாடி, தைலம், இரண்டு தலையணை சகிதம் கட்டிலில் சாய்ந்திருக்கிறார். “சும்மா கெடக்கேன்னுதான்” என்கிறார். குறட்டை இனி அந்தச் சுவரோடு. கல்யாணமான இருபத்தெட்டு வருடத்தில் இப்படி நான் தூங்கியதில்லை, அதற்கு உனக்கும் அந்தச் சங்கிலிக் கண்ணாடி அம்மாளுக்கும் நன்றி. ஆனால் இவர் வேறு வீடு பார்க்கக் கிளம்பினால் நான் சான்று தரப்போவதில்லை.

இன்னும் ஒரு முடிச்சு இருந்தது. சாவிகள் திருப்பித் தரப்பட்டனவா. தரவில்லை. உன் பையின் உள்ஜிப்பில் இருக்கிறது, போன வாரம்கூட வீடியோவில் ஏதோ தேடும்போது அதை எடுத்து மேசைமேல் போட்டாய், சத்தத்திலேயே தெரிந்தது. வாசல் பூட்டை மாற்றிவிட்டால் சாவி திரும்பி வந்தமாதிரிதானே என்று அப்பா ஒரு வழி சொன்னார். அவருக்கு அந்தப் பூட்டை மாற்ற எந்தச் சாக்கும் போதும். கதவை முழங்காலால் லேசாகத் தூக்கி, சாவியைப் பாதி பின்னுக்குத் திருப்பி, அப்புறம் முன்னுக்குத் திருப்ப வேண்டும், உலகத்தில் மூன்று பேருக்குத்தான் அந்த வித்தை தெரியும், அதில் அவர் தினமும் இரண்டு தடவை தோற்கிறார். மாற்றக்கூடாது என்று சொல்லிவிட்டேன். படிவத்தில், திருப்பித் தரப்படவில்லை, உரிமையாளர் கேட்கவும் இல்லை என்று எழுதியிருக்கிறேன். வீட்டுக்கார அம்மாள் இதைப் பார்த்து நெற்றியைச் சுருக்கலாம். அதைவிட, கடைசியில் பொடி எழுத்தில் ஒரு கட்டம் இருக்கிறது, நீ கவனிக்கவில்லை, குடியிருந்தவருக்கும் உமக்கும் உறவு உண்டா என்று. தாய் என்று எழுதியிருக்கிறேன். கோபப்படாதே. படிவத்தைக் கொடுக்கும்போது நீயே முதலில் வாயைத் திறந்து சொல்லிவிடு. குழாய்க்குக் குழாய் உன் கையை நீட்டிப் பார்க்க வைத்தவர், எழுதியிருப்பது நிஜம் என்றால் ஒத்துக்கொள்வார் என்று எனக்குத் தோன்றுகிறது. என் கணக்கு தப்பாகவும் இருக்கலாம். தப்பானால் அந்த ஜன்னல் போய்விடும், அதற்குக் காரணம் நானாக இருப்பேன், அதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றதை உன்னிடம் மறைக்கவில்லை. பதின்மூன்றாவது வீட்டைச் சேர்ந்து பார்ப்போம். போனை மட்டும் ஆட்டாமல் பிடி, போனதடவை எனக்குத் தலை சுற்றியது.

வீடு கிடைத்தால், பெட்டியை உள்ளே வைக்குமுன் சுவரில் ஏற்கெனவே இருக்கிற கீறல் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள். மேல் வீட்டில் யார், எத்தனை மணிக்கு நடக்கிறார்கள் என்று கேள். முதல் நாளே ஒரு வாளி, ஒரு துடைப்பம், ஒரு திரைச்சீலை வாங்கு. ஜன்னல் பிடித்திருக்கிறதென்று ராத்திரியும் திறந்து வைத்துக்கொண்டு உட்காராதே, இருமல் வரும். சூயிங்கத்தைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடு, அங்கே சான்று எழுதப்போகிறவர் உன் அம்மா இல்லை.

படிவத்தின் கடைசிக் கேள்வியை விட்டுவிட்டேனே. இவருக்கு மறுபடியும் வீடு கொடுப்பீர்களா. ஆம் என்று எழுத ஒரு விரல் அகலம்தான் இடம் விட்டிருந்தார்கள். ஓரத்தில் மேலே ஏறிப்போய் எழுதியிருக்கிறேன். ஆம். எப்போது வந்தாலும். தற்போது இருப்பவரைக் காலி செய்து தரப்படும்.

எங்கே குடியேறினாலும் அந்த இடம் உனக்கு இணக்கமாக இருக்கட்டும், தூக்கம் வரட்டும், குழாயில் வெந்நீர் வரட்டும். நீ நன்றாக இருப்பாய். வெள்ளிக்கிழமை என்பதை மறக்காதே, காலையிலேயே கொண்டுபோய்க் கொடு, பையை எடுக்கும்போது சாவி கீழே விழாமல் பார்த்துக்கொள். இந்தத் தாள்களையும் படிவத்தையும் அப்பா போனில் படம் பிடித்து அனுப்புவார். அவர் கட்டைவிரல் மறைக்கிற வரிகளை நீயே ஊகித்துக்கொள்.

இப்படிக்கு,
உன் அம்மா,
முந்தைய வீட்டு உரிமையாளர்.

கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துபோய், வாசல் பூட்டுக்கு இரண்டு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டேன்.