ஒத்தக்கொம்பன் அடியில் எழுதியிருந்தது

என் பொன்னாத்தா,

எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். 'ழ' போட்டால் அதன் கால் அடுத்த வரிக்குள் போய்விடுகிறது. ஒரு நாளைக்கு நாலு வரிதான் ஓடுகிறது. ஆனாலும் இது என் கை எழுதியது. நாற்பது வருசம் கைநாட்டு வைத்த அதே கை.

நம் ஒத்தக்கொம்பன் நலம். பவுண்டரியில் உருக்க வந்த பழைய வெண்கலக் குவியலில் கிடந்ததை முதலாளியிடம் கேட்டு வாங்கி வந்தேனே, அதேதான். சிங்க உடம்பு, நெற்றியில் ஒற்றைக் கொம்பு. தலையைப் பின்னால் சாய்த்தால் திறந்துகொள்ளும், வயிற்றில் தணல் போட இடம். வெள்ளிக்கிழமை நீ சாம்பிராணி போட்டால் வாயால் புகை விடும்.

ஆறியதும் சாம்பலைத் தட்டி, அதைக் கவிழ்த்து, அடியில் இருக்கும் எழுத்தைப் படிப்பாய். "ஏனுங்க, பீடியை உட்டுப்போடச் சொல்லியிருக்குதுங்க." இன்னொரு வாரம், "ஊட்டுக்காரியைத் தேர் பாக்கக் கூட்டிட்டுப் போகோணுமாமுங்க." ஒரே எழுத்து வாரத்துக்கு ஒன்று சொல்லுமா என்று கேட்டால், "படிக்கத் தெரிஞ்சவங்க சொன்னாக் கேட்டுக்கோணுமுங்க" என்பாய்.

இரண்டாம் வகுப்பு வரை போனவள் என்று நீ சொன்னதை நம்பினேன். ரேசன் கடையில் நீயும் ஏன் கைநாட்டு வைக்கிறாய் என்று ஒருமுறை கேட்டேன். "நீங்க பெருவெரலை நீட்டறப்ப நான் கையெழுத்துப் போட்டா நல்லாவாங்க இருக்கும்?" என்றாய். அதையும் நம்பினேன்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு அதைப் படித்துச் சொல்ல ஆளில்லை. பையனிடம் நீட்டக் கூச்சம். நீயும்தான் அவனைத் தொட விட்டதில்லையே, சாமி சாமான் என்று. இன்னும் என்னென்ன சொல்லி வைத்திருக்கிறதோ, நானே படித்துக்கொள்கிறேன் என்றுதான் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன்.

எழுத்தெல்லாம் படித்து முடித்த அன்று கவிழ்த்துப் பார்த்தேன். நான் படித்த ஒன்றுகூட அதில் இல்லை. பையில் போட்டு வகுப்புக்கு எடுத்துப் போனேன். "டீச்சரம்மா, இது எத்தனாவது பாடத்துல வருமுங்க?"

டீச்சர் சின்னப் பிள்ளைதான், வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "எந்தப் பாடத்துலயும் வராதுங்க தாத்தா. இது சீன எழுத்துங்க."

போனில் படம் பிடித்துப் பார்த்துச் சொன்னாள். ஆறு எழுத்து. ஒரு சீன ராஜா காலத்தில் செய்தது என்று இருக்கிறதாம். அதுவும் உறுதியில்லையாம். பின்னால் வந்தவர்களும் அவர் பேரைக் குத்திவிடுவார்களாம்.

அவ்வளவுதான். பீடி இல்லை, தேர் இல்லை. அப்படியென்றால் அத்தனையும் உன் வார்த்தைதானா, அம்மணி? உனக்கு ஒரு எழுத்தாவது தெரியுமா, தெரியாதா? பஸ்ஸில் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தேன். பக்கத்தில் இருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

டீச்சர் இன்னொன்றும் சொன்னாள். இந்த மிருகத்துக்கு உலகத்துப் பாஷையெல்லாம் தெரியும் என்று சீனர்கள் நம்புவார்களாம். அப்படியானால் நம் ஊர்ப் பேச்சும் தெரிந்திருக்கும். நீ சொன்னதெல்லாம் அது சொன்னதாகவே இருக்கட்டும். பீடியை விட்டுவிட்டேன்.

இந்தக் காகிதத்தை மடித்து அவன் காலடியில் வைக்கிறேன். உனக்குப் படிக்கத் தெரியாவிட்டால் ஒத்தக்கொம்பன் படித்துச் சொல்வான். வருகிற வெள்ளிக்கிழமை சாம்பிராணி போட்டுவிட்டு மறுபடியும் பேனாவை எடுப்பேன். அதற்குள் 'ழ'வை வரிக்குள் நிற்க வைத்துவிடுகிறேன்.

உன்ற ஊட்டுக்காரன்,
நாச்சிமுத்து