கோட்டுக்கு வெளியே ஒரு நாற்காலி

இன்று மாலை மைதானத்தில் வலிக்கு அடிக்கும் ஸ்ப்ரேயின் நெடி மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. முட்டியில் அதை அடித்துக்கொண்டே எல்லோரையும் வம்புக்கு இழுப்பாய். நீ இறந்துபோய் ஒரு வருடம் ஆகிறது. இருந்தாலும் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும்.

ஒரத்தநாட்டில் நாம் இருவரும் பயிற்சியாளர்களாகப் பெண்கள் கபடி அணியைத் தொடங்கியபோது, ஆடுகிறவர்களுக்கு விதி எழுதத்தான் நான் நோட்டைத் திறந்தேன். நீ பிடுங்கிக்கொண்டாய். "முதல்ல நமக்கு எழுதுடி. அவளுங்களுக்கு அப்புறம் பாத்துக்கலாம்." உடம்பைச் சொல்லியோ வீட்டைச் சொல்லியோ திட்டக் கூடாது. எல்லோரையும் கேட்டுத்தான் பயிற்சி நேரம் வைக்க வேண்டும். தாமதமாக வரக் கூடாது. எதை மீறினாலும், யாராக இருந்தாலும், அடுத்த ஆட்டத்தில் கோட்டுக்கு வெளியே நாற்காலியில் வாய் திறக்காமல் உட்கார வேண்டும்.

அதில் முதலில் உட்கார்ந்ததே நீதான். வாய்க்காலில் முறைத்தண்ணீர் வந்த அன்று, வயலுக்குப் பாய்ச்சிவிட்டுக் காலில் சேற்றோடு பயிற்சிக்குத் தாமதமாக ஓடிவந்தாய். "தண்ணி வந்தா என்னடி பண்றது, விடு" என்றேன். நீ கேட்கவில்லை. மறுநாள் திருவாரூரில் அரையிறுதி. நான் தனியாக நின்று கத்திய யோசனை ஒன்றும் பலிக்கவில்லை. தோற்றோம். உன்மேல் அவ்வளவு கோபம் எனக்கு. ஆனால் அதற்குப் பிறகு ஒருத்தியும் நேரம் தவறவில்லை.

இன்று சுமதி நேரம் தவறி வந்தாள். நம் அணியில் அவளைவிட நல்ல ரெய்டர் கிடையாது. நாளை இறுதி ஆட்டம். அவள் குத்தகை வயலுக்கும் இன்றுதான் முறைத்தண்ணீர். "நானே ஒக்காந்துக்கறேங்க மேடம்" என்றாள், நான் வாய் திறக்கும் முன்பே.

"ஒருத்திக்கு விட்டா எல்லாருக்கும் விடணும்" என்பாய். இன்னொரு நாள், "நமக்குன்னா இறுக்கிப் புடி, அவங்களுக்குன்னா ஒரு தடவ யோசி" என்பாய். இரண்டையும் நீதான் சொன்னாய். இப்போது எதை நான் பிடித்துக்கொள்வது?

அப்போது கேப்டன் தயங்கித் தயங்கிச் சொன்னாள். "மேடம், நாலு மணின்னு நீங்களாத்தான் வாட்ஸ்அப்ல போட்டீங்க. எங்க யாரையும் கேக்கல."

உண்மைதான். இறுதி ஆட்டப் பதற்றத்தில் கேட்க மறந்திருந்தேன். கேட்டிருந்தால் சுமதி தண்ணீர் முறையைச் சொல்லியிருப்பாள். அப்படியானால் நாற்காலி அவளுக்கா, எனக்கா, இருவருக்குமா?

"சுமதி ஆடட்டும். நான் ஒக்காந்துக்கறேன்" என்றேன். அது நியாயமா, அல்லது அவளை ஆடவைக்க நான் பிடித்த சாக்கா? இதை எழுதும்போதும் எனக்குத் தெரியவில்லை.

சுமதி விழித்தாள். "அப்ப ஆட்டத்துல எங்களுக்கு யோசனை யாரு மேடம் சொல்லுவா?"

யோசிக்காமல் உன் பெயரைச் சொல்ல வாயெடுத்துவிட்டேன். அன்று நீ வெளியே உட்கார்ந்தபோது, தப்போ சரியோ, கோட்டருகே நின்று கத்த நான் இருந்தேன்.