சந்தனம் இட்ட நினைவகப் பட்டை

மாரி பொய்யாதிருக்க. மாநெய்தல் நாட்டுக் கரைகள் உடையாதிருக்க. அறங்கூறும் அவையின் நா தடுமாறாதிருக்க.

வெண்ணீராறும் அதன் பதினெட்டுக் கால்வாயும் உடைய கோமான், புயல் கொண்ட மூன்று துறைகளை மீட்டெடுத்த பெருங்கை வேந்தர், பரிதிமாவேள் தேவரீர் வடவெல்லைப் பாசறையில் எழுந்தருளியிருக்கும் திருமுன்பு, தலைமை அமைச்சனும் திருவோலை நாயகமும் ஆகிய குழைக்காதன், முத்தேர்ப்பட்டினத்துத் தோணித்துறையிலிருந்து பௌர்ணமி நாள் முற்பகலில், நிலத்தில் நெற்றி பட வணங்கி எழுதிக்கொண்டது. பாசறையும் படைஞரும் யானையும் குதிரையும் நலமாகுக. இங்கே தேவரீர் திருமகள் குட்டி நாச்சியார் நலம். கடைவாயில் புதிதாய் இரண்டு பற்கள் முளைத்திருக்கின்றன. அரண்மனையில் நலமென்று எழுதத்தக்கது அவ்வளவே.

தேவரீர் இவ்வோலையை நின்றபடி படிக்க வேண்டாம். அமர்ந்து படித்தருளுக.

கணினிக் கம்மியர் வடிவன்னம் குற்றமற்றவள். மறைந்த அரசியார் செங்கழுநீர் நாச்சியாரின் மடிக்கணினியைக் கெடுத்தாள் என்று அவளுக்கு ஆயுள் முழுதும் உப்புத்தீவில் உப்பு வாரும் சிறை விதித்து, இன்றைய பௌர்ணமித் தோணியில் ஏற்றக் கட்டளையிட்டீரே, அந்தத் தண்டம் அடியேனுக்கு உரியது. கெடுத்தவன் நான். அவையேறிப் பொய் சொன்னவனும் நான். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பார்கள். இந்தப் பழி அவள் தலையில் கிடந்த நாற்பது நாளும் நான் மூன்று வேளையும் நன்றாகவே உண்டேன் என்பதையும் தேவரீர் அறிக.

நடந்ததை முறையாகச் சொல்லுகிறேன். நோய்ப்படுக்கையில் கிடந்த எட்டுத் திங்களும் நாச்சியார் தம் மகளுக்காக அந்த மடிக்கணினியில் பேசிப் பதிந்து வைத்தவை நாற்பத்தொன்று. தாலாட்டு, கதை, சடங்கானால் என்ன செய்ய வேண்டும் என்ற புத்திமதி, கோபம் வந்தால் எண்ண வேண்டிய எண்ணிக்கை, எல்லாம் அதில் இருந்தன. கணினியோ பழையது, அதன் நினைவகம் நான்கே ஜிபி. நாச்சியார் பேசத் தொடங்குவார். பாதி வார்த்தையில், திறந்த வாய் திறந்தபடி, திரையில் உறைந்து நிற்பார். தேவரீர் எழுந்து வெளியே போய்விடுவீர். அதைக் காணப் பொறாமல்தான், முதலாண்டு நினைவுநாளுக்கு முன்பாக நினைவகத்தைப் பெருக்கிவிடலாம் என்று நானே விண்ணப்பித்தேன். கடல் வணிகர் வழியாக எட்டு ஜிபி நினைவகப் பட்டைகள் இரண்டு வந்து சேர்ந்தன.

நாச்சியார் மறைந்த நாள்முதல் அரண்மனையில் சந்தனம் கூடாது, குங்குமம் கூடாது, மேளம் கூடாது என்பது தேவரீர் ஆணை. அந்த ஆணைக்குப் பட்டயம் எழுதியதே இந்தக் கைதான். ஆனால் ஐம்பது ஆண்டாகப் புது எழுத்தாணி வந்தாலும் புதுத் தேர் வந்தாலும் பொட்டு வைக்காமல் தொட்டறியாத கையும் இதுவே. அம்மையாருடைய குரல் குடியேறப் போகிற பொருளை மூளியாகவா உள்ளே அனுப்புவது என்று மனம் கேட்கவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு உறையைப் பிரித்தேன். பொட்டு வைக்க இடம் தேடினால், மேலிருந்த பட்டையின் கீழ்விளிம்பில் பொன் முலாம் பூசிய பற்கள் வரிசையாக மின்னின. பொன் இருக்கும் இடம்தானே மங்கலமான இடம் என்று, ஐயோ, அங்கேயே சந்தனத்தைக் குழைத்து இட்டேன். நடுவே குங்குமமும் வைத்தேன். பிறகு மேல்துணியால் துடைத்து, உறையை ஒட்டி, ஒன்றும் அறியாதவன்போல் வடிவன்னத்திடம் அனுப்பினேன்.

அந்தப் பற்கள் வழியாகத்தான் பட்டை கணினியோடு பேசும் என்பது எனக்குத் தெரியாது. ஒருவன் வாயில் சந்தன உருண்டையை அடைத்துவிட்டுப் பாடு என்று சொன்னதற்கு ஒக்கும் அது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்று இதுவரை பிறரைத்தான் சொல்லியிருக்கிறேன்.

அவள் என் கண்முன்னே பட்டைகளைப் பொருத்தி உயிர்கொடுத்தபோது திரை கருத்தே கிடந்தது. மூன்று முறை கூவிவிட்டுக் கணினி அடங்கியது. அவள் பதறவில்லை. பேட்டரியைக் கழற்றினாள், இரண்டு பட்டைகளையும் எடுத்து, ஒவ்வொன்றாகத் தனித்து வைத்துப் பார்த்தாள். முதற்பட்டை வேலை செய்தது, இரண்டாவது செய்யவில்லை. பட்டை செருகும் இருக்கையை மாற்றி வைத்தாள். இரண்டாவது அங்கும் ஊமையாகவே இருந்தது. ஆகவே பழுது இருக்கையில் இல்லை, பட்டையில்தான் என்று எனக்குச் சிறு குழந்தைக்குச் சொல்லுவதுபோல் விளக்கினாள். பிறகு அதை முகர்ந்து பார்த்தாள். உறையை யாரேனும் பிரித்தார்களா என்று கேட்டாள்.

இல்லை என்றேன். சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டாள், இல்லை என்றேன். ஆணையை மீறினேன் என்று தெரிந்தால் தேவரீர் என் முகத்தில் விழிக்கமாட்டீர் என்று அஞ்சினேன். மூன்றாம் முறை கேட்டபோது, அமைச்சனைக் குறுக்குக் கேள்வி கேட்கும் துணிவு கம்மியர்க்கு எப்போது வந்தது என்று சீறினேன். அவள் தலைகுனிந்து, உலர்ந்த துணியால் பற்களைத் துடைத்து மறுபடி பொருத்தினாள். திரை விழித்தது, பதினாறு ஜிபி என்று காட்டியது. நான் உள்ளுக்குள் கும்பிட்டேன். அவள் முகமோ தெளியவில்லை. அவ்வப்போது உறைகிறது, இந்தப் பட்டையை நம்பக்கூடாது, ஒரு பகல் முழுதும் சோதனை ஓடவிட்டுப் பிழையில்லை என்று கண்ட பிறகே இதில் எதையும் எழுத வேண்டும், அல்லது வணிகரிடம் மாற்றுப் பட்டை வரும்வரை பொறுக்க வேண்டும், அதுவரை திறந்து கேட்பதோடு நிறுத்துங்கள் என்று வேண்டிக்கொண்டாள்.

நினைவுநாளுக்கு இரண்டே நாள் இருந்தது. பதிவுகள் அனைத்தையும் ஒன்றாய்க் கோத்து ஒரே படியாகத் தேவரீர் திருமுன் வைக்க வேண்டும் என்பது என் ஆசை. நல்ல நேரம் தவறிவிடும் என்று, அவள் இல்லாத வேளையில், நானே கணினிமுன் அமர்ந்தேன். நாற்பதைக் கோத்து எழுதினேன். எழுதி முடிந்தது என்று கணினி சொன்னது. படி முடிந்ததும் மூல ஓலையை ஆற்றில் விடுவது நம் ஓலைச்சாலையின் நெறி. ஒரே சொல் இரண்டு இடத்தில் கிடந்தால் பின்னாளில் வழக்கு வரும் என்பது முன்னோர் கருத்து. அந்த நெறிப்படியே மூலங்கள் நாற்பதையும் அழித்தேன். படியைத் திறந்து ஒருமுறை கேட்டுப் பார்க்கவில்லை. ஓலையை எழுதியவனே எழுத்தாகப் படித்து ஒப்புநோக்குவான். கணினி எழுதியதை ஒப்புநோக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

நினைவுநாள் அவையில் என்ன கேட்டது என்பதைத் தேவரீருக்கு நான் எழுத வேண்டியதில்லை. இரைச்சல், நடுவே நாச்சியாரின் குரலில் ஒடிந்த ஓரிரு அசைகள், மறுபடி இரைச்சல்.

அவையில் வடிவன்னம் உண்மையைச் சொன்னாள். பட்டையின் பற்களில் மஞ்சள் படிவு இருந்தது, சந்தனம் மணத்தது, அந்த அழுக்கினால் நினைவகம் எழுதியதெல்லாம் பிழையாயிற்று என்று அஞ்சாமல் கூறினாள். தேவரீர் என் பக்கம் திரும்பினீர். ஆணை பிறந்த நாள்முதல் அரண்மனையில் சந்தனம் அரைத்ததில்லை என்றேன். அது போதாதென்று, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்றும் சொன்னேன். அவை சிரித்தது. அவள் தாய் வாயிற்படியருகே நின்றுகொண்டிருந்தாள். இளைத்தவள் தலையில் மிளகாய் அரைப்பது எவ்வளவு எளிது, தேவரீர்! அதற்கு ஐம்பது ஆண்டு அமைச்சுப் பயிற்சி வேண்டியதில்லை, ஒரு பழமொழி போதும்.

முந்தாநாள் விடிகாலையில் சிறைத்தலைவர் உலகுடையார் அவளிடமிருந்து ஓர் ஓலை கொண்டுவந்தார். விடுதலை கேட்டிருப்பாள் என்று எண்ணிப் பிரித்தேன். தன்னைப்பற்றி அதில் ஓரெழுத்தும் இல்லை, இருந்தது இதுவே: அழுக்குப் பட்டையோடு அந்தக் கணினியை விட்டுவைக்க வேண்டாம். பேட்டரியை எடுத்துவிட்டுப் பட்டையைக் கழற்றி, பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் பொன்பற்களை மஞ்சள் போகும்வரை தேய்க்கவும். எரிசாராயம் தொட்ட பஞ்சால் துடைத்து உலரவிடவும். இரண்டு பக்கக் கொக்கியும் சொடுக்கென்று விழும்வரை அழுத்திப் பொருத்தவும். சோதனையை ஒரு பகல் ஓடவிடவும். அதன்பின் எங்கேனும் ஒதுக்கிவைத்த பதிவு உண்டா என்று ஒவ்வொரு மூலையிலும் தேடவும். நாச்சியார் குரலில் ஏதாவது மிஞ்சியிருந்தால் குழந்தைக்கு ஆகும் என்று எழுதியிருந்தாள்.

அப்படியே செய்தேன். ரப்பரில் மஞ்சள் ஒட்டிவந்தது. பதினாறு ஜிபியும் நின்றன. சோதனை பகல் முழுதும் ஓடி ஒரு பிழையும் இல்லை என்றது. கணினி இப்போது தொட்டால் பறக்கிறது. பறந்து எடுத்துவர அதில் ஒன்றும் இல்லை. அழித்த மூலங்கள் கிடந்த இடத்தில் இந்த நாற்பது நாளில் கணினி வேறு எழுதிவிட்டதால் அவற்றை மீட்க வழியில்லை. நாற்பதும் போயின.

நாற்பத்தொன்றாவது கிடைத்தது. கோப்பதற்குத் தகுதியற்றது, பொருள் ஏதுமில்லாதது என்று நான் தள்ளிவைத்ததால் தப்பியது. பதினோரு நொடிப் பதிவு அது. இது பதிகிறதா இல்லையா என்று நாச்சியார் தோழியைக் கேட்கிறார். பதிகிறது அம்மா என்று அவள் சொன்னதும், முன்பே சொல்லக்கூடாதா, தலை கலைந்திருக்கிறதே என்று சிரிக்கிறார். அவ்வளவே. அதைக் கேட்டுவிட்டு நான் வாய்விட்டு அழுதேன்.

நேற்றுக் காலை சிறைக்குச் சென்று வடிவன்னத்தின் முன் நின்று அனைத்தையும் சொன்னேன். வைவாள் என்று எதிர்பார்த்தேன். வைதிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: உறையை யார் பிரித்தது என்று தான் முதன்முதலாக வினவிய அன்று, நாச்சியாரின் பதிவுகள் நாற்பத்தொன்றும் பழுதின்றி இருந்தனவா என்று. இருந்தன என்றேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். சந்தனம் இட்டது அறியாமை, தேவரீர். அதைத் துடைக்க ரப்பரும் கால் நாழிகையும் போதும். நான் வாய் திறக்காததால் நாச்சியாரை மறுபடியும் சாகவிட்டேன்.

இவ்வோலை பாசறை சேர நான்கு நாள் ஆகும். தோணியோ இன்று உச்சிப்பொழுது நீரேற்றத்தில் புறப்படும். அரசாணையை அமைச்சன் மாற்ற இயலாது. ஆனால் உப்புத்தோணிக்குத் தனி வழக்கம் உண்டு: துறைக்காவலர் தலையை எண்ணுவாரே அன்றிப் பெயரைக் கேட்பதில்லை. இன்று எண்ணிக்கை பதினேழு. பதினேழாவது தலை அடியேனுடையது. முத்திரை மோதிரம் விரலில் இருக்கும்போதே வடிவன்னத்தை விடுவிக்க உலகுடையாருக்கு எழுதிக்கொடுத்தேன். அவள் தன் தாயோடு வீடு சேர்ந்தாள் என்று ஆள் வந்து சொன்ன பிறகே இதை எழுத அமர்ந்தேன். அடியேனை மன்னித்து மீட்போலை விடுக்க வேண்டாம். கிழவன் என்று இரங்கவும் வேண்டாம்.

அமைச்சன் வேந்தருக்குக் கட்டளையிடும் வழக்கம் இந்நாட்டில் இல்லை. இவ்வோலை திருக்கையை அடையும் நாளில் நான் அமைச்சன் அல்லேன், உப்பு வாரும் கைதி, ஆகையால் இடுகிறேன். நினைவுநாள் அவையில் இருந்த அத்தனை பேரையும் கூட்டுக. வடிவன்னத்துக்கும் அவள் தாய்க்கும் நடு அவையில் இருக்கை இடுக. இதனை ஓரெழுத்தும் விடாமல், என் பெயரையும் விடாமல், உரக்கப் படிக்கச் செய்க. படித்து முடிந்ததும் அரியணையிலிருந்து இறங்கி, இவள் கை சுத்தம் என்று தேவரீர் திருவாயாலேயே சொல்லுக. சொல்ல நா எழாவிட்டால், நாற்பது நாள் எனக்கும் எழவில்லை, அதன் விலை என்ன என்று தேவரீர் அறிவீர்.

முத்திரை இட்டேன். மோதிரத்தை உலகுடையாரிடம் கொடுத்தேன். துறையில் தலை எண்ணத் தொடங்கிவிட்டார்கள். பதினாறு வரை வந்தாயிற்று.

இது கட்டளை.