அலமாரி மேல் ஒரு கறுப்புப் பொட்டு

அண்ணி,

இன்று காலை வைஃபை சரிபார்க்க ஒருவர் வந்தார். முன்னறையில் நன்றாக ஓடுகிறது, முற்றத்தைத் தாண்டினால் செத்துவிடுகிறது. உங்கள் பின்னறையில் சுத்தமாக இல்லை. அவர் கைபேசியை ஏந்திக்கொண்டு அறை அறையாக நடந்தார். ஓரிடத்தில் நின்று, தலையை ஆட்டி, இரண்டடி நகர்ந்து மறுபடி நின்றார். நீங்கள் நடந்த அதே நடை.

"பழைய வீடு லா ஆன்டி, சுவரு எல்லாம் தடிப்பு. நடுவுல இந்த இரும்பு அலமாரி வேற லைன மறைக்குது. இத தள்ளணும்," என்றார்.

தள்ளுவதற்கு முன் அலமாரியின் தலையில் இருந்த பழைய பெட்டிகளை ஸ்டூல் போட்டு இறக்கினேன். தூசியைத் துடைத்தபோது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. ஒரு கறுப்பு ஸ்டிக்கர் பொட்டு. நீங்கள் கண்ணை மூடி ஆறு வருஷம் கழித்து உங்களுக்குக் கடிதம் எழுத வைத்தது அதுதான்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் உங்கள் தம்பி, என் வீட்டுக்காரர், ஒரு கார்ட்லெஸ் போன் வாங்கி வந்தார். பிரிக்பீல்ட்ஸில் நம் வரிசை வீடுகளில் அதுதான் முதல் என்று அவருக்கு ஒரே பந்தா. உங்களுக்கு அது உயிர். நீங்கள் புருஷன் வீட்டை விட்டு வந்தபோது ஒன்பது வயது மகளை உங்களோடு அனுப்ப மறுத்துவிட்டார்கள். அவள் கிள்ளானில் அப்பாவோடு இருந்தாள். சனிக்கிழமை டியூஷன் விட்டதும், மூன்றரை மணிக்கு, மளிகைக் கடை வாசலில் இருந்த பொதுத் தொலைபேசியில் அப்பாவுக்குத் தெரியாமல் உங்களைக் கூப்பிடுவாள். மூன்று நிமிஷம் பேசுவாள். அதற்கு மேல் அவளுக்குத் துணிச்சல் கிடையாது.

இந்தப் பக்கம் உங்கள் அப்பா, என் மாமா. ரயில்வேயில் ஓய்வு பெற்ற பிறகு போனுக்குப் பக்கத்து நாற்காலிதான் அவருக்கு ஸ்டேஷன். ஒருமுறை குழந்தையின் அழைப்பை அவரே எடுத்து, "அந்த வீட்டு ஆளுங்க குரலே இங்க கேக்கக் கூடாது, ஒங்கப்பன்கிட்ட சொல்லு," என்று கத்தி வைத்துவிட்டார். மூன்று வாரம் அவள் கூப்பிடவில்லை. அந்த மூன்று வாரமும் நீங்கள் சோற்றைப் பிசைந்ததோடு சரி.

கார்ட்லெஸ் வந்ததும் கணக்கு மாறியது. மணி கையில் இருக்கும் போனில் மட்டும்தான் அடிக்கும். அதைப் பின்னறைக்குக் கொண்டுபோய்விட்டால் மாமாவுக்குத் தெரியாது. ஆனால் லைன் பின்னறை வரை வந்தால்தானே? கம்பி செருகிய அடிப்பெட்டியை, பேஸ் என்போமே, அதை இடம் இடமாக வைத்துவிட்டு, போனைக் காதில் ஒட்டிக்கொண்டு நடந்தீர்கள். தெளிவாகக் கேட்ட இடத்தில் சுவரில் ஒரு சிவப்புப் பொட்டு, இரைச்சல் வந்தால் கறுப்புப் பொட்டு. பேஸ் வைத்துப் பார்த்த இடங்களிலும் அதே மாதிரிப் பொட்டு. ஒரு வாரம் வீடே அம்மை கண்ட மாதிரி இருந்தது. நான் சிரித்தேன்.

"சிரி, சிரி. ஒம் பிள்ள தூரத்துல இருந்தா நீயும் ஒட்டுவ," என்றீர்கள்.

இரும்பு அலமாரி மேல் மட்டும் வைத்துப் பார்க்கவில்லை. "அது உசரம், எனக்கு எட்டாது," என்று விட்டுவிட்டீர்கள். கடைசியில் பேஸுக்கு முற்றத்து ஜன்னல் திட்டு, உங்களுக்குப் பின்னறை வாசற்படி என்று ஆனது. ஏரியலை முழுக்க இழுத்து, குளியலறைப் பக்கம் திரும்பி நின்றால் குரல் உடையாமல் வந்தது.

அன்றிலிருந்து சனிக்கிழமை என்றாலே எனக்குக் கெடுபிடிதான். மூன்று மணிக்கு மேல் மிக்சி ஓடக்கூடாது, இரைச்சல் வரும். நான் மாமாவுக்குத் தேநீர் கொடுத்து, கேட்ட கதையையே மறுபடி கேட்டு, அவரை நாற்காலியில் இருத்த வேண்டும்.

அந்தச் சனிக்கிழமை தீபாவளிக்கு வீடு கழுவிக்கொண்டிருந்தேன். என் மகனுக்கு அப்போது இரண்டு வயது. ஜன்னல் பக்கம் போய்ப் பேஸின் கம்பியைப் பிடித்து இழுத்தான். நான் அதைத் தூக்கி அலமாரி மேல் வைத்தேன். பிறகு மறந்துவிட்டேன் என்றுதான் இத்தனை வருஷமும் எனக்கு நானே சொல்லி வந்தேன். மறக்கவில்லை அண்ணி. மூன்று மணி ஆனதைப் பார்த்தேன். சனிக்கிழமை தவறாமல் இந்த வீடு உங்களுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டுமா என்று எரிச்சல். ஒரு நாள் கொஞ்சம் இரைச்சலோடுதான் பேசட்டுமே என்று விட்டுவிட்டேன்.

மணி அடித்தது. 'நாளைக்கு வீடு மாறுறோம்மா, புது வீடு எங்கன்னா...' என்பது வரை அவள் சொன்னாள் என்று பிறகு நீங்கள்தான் சொன்னீர்கள். எனக்குக் கேட்டது உங்கள் குரல் மட்டும்.

"எங்கம்மா? கேக்கல. திருப்பிச் சொல்லு. எங்க?"

படியில் நின்றவர் நகர்ந்தீர்கள். ஒவ்வொரு சிவப்புப் பொட்டாகப் போய் நின்று, "எங்கம்மா, எங்க?" என்று கேட்டீர்கள். நான் ஓடிப்போய்ப் பேஸை எடுத்து ஜன்னல் திட்டில் வைத்தேன். நீங்கள் முற்றத்துக்கு வந்தபோது போனில் லைன் அறுந்த கூவல்தான் மிச்சம்.

"யாரு போன்ல?" என்று முன்னறையிலிருந்து மாமா கேட்டார்.

"ராங் நம்பர் மாமா," என்றேன்.

நீங்கள் பேஸைப் பார்த்தீர்கள். என்னைப் பார்த்தீர்கள். "பழைய வீடு. என்ன செய்யிறது," என்றீர்கள். நானும் ஆமாம் போட்டேன்.

மறுநாள் பஸ் ஏறிக் கிள்ளான் போனீர்கள். வீடு பூட்டிக் கிடந்தது. திங்கட்கிழமை மறுபடி போனீர்கள். உங்கள் புருஷன் லோரி ஓட்டிய போர்ட் கிள்ளான் கம்பெனியில், வேலையை விட்டுவிட்டார் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் வாயே திறக்கவில்லை. திரும்பி வந்து செருப்பைக் கழற்றும்போது என்னிடம் ஒன்று சொன்னீர்கள்: "பேஸ யாரும் நகர்த்த வேணாம்னு எல்லார்கிட்டயும் சொல்லிடு." நானும் போய் எல்லாரிடமும் சத்தமாகச் சொன்னேன். வெட்கம் கெட்டவள்.

பதினோரு மாதம் அவள் எங்கே என்று தெரியவில்லை. சனிக்கிழமைதோறும் படியில் உட்கார்ந்தீர்கள். நீங்கள் கேட்காமலே நான் மிக்சியை எடுத்து உள்ளே வைப்பேன். ஒரு நாள் மணி அடித்தது. சுங்கை வேயிலிருந்து பேசினாள். அதுவரை அப்பா அவளைத் தனியாக வெளியே விடவே இல்லையாம். இங்கிருந்து அரை மணி பஸ் தூரம். அவ்வளவு பக்கத்தில்தான் இருந்திருக்கிறாள். அன்றைக்கு உங்களைவிட நான்தான் அதிகம் அழுதேன். என் நல்ல மனசுக்கு அது அடையாளம் என்று உங்கள் தம்பி நினைத்துக்கொண்டார்.

இன்று அந்தப் பொட்டைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அலமாரி மேல் பேஸ் இருந்தது அந்த ஒரு நாள் மட்டும்தான். உங்களுக்கு எட்டாத உயரம். அதற்குப் பிறகு ஒரு நாள், நான் இல்லாத நேரம் பார்த்து, ஸ்டூல் போட்டு ஏறி, தூசியில் பேஸ் இருந்த தடத்தைப் பார்த்துக் கறுப்புப் பொட்டை ஒட்டியிருக்கிறீர்கள். தெரிந்தேதான் பதினோரு மாதமும் நான் போட்ட சோற்றைச் சாப்பிட்டீர்கள். என் மகனுக்குத் தலை வாரிவிட்டீர்கள். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் என் கையைப் பிடித்திருந்தீர்களே, அப்போது எத்தனை தடவை வாய் எடுத்தேன். ஒவ்வொரு தடவையும், "போய்ச் சாப்பிட்டு வா," என்று அனுப்பினீர்கள். சொல்லவிடக்கூடாது என்றுதான் அனுப்பினீர்கள் போல.

உங்கள் மகள் அடுத்த வாரம் உங்கள் பின்னறைக்குக் குடி வருகிறாள். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை. அதற்காகத்தான் இந்த வைஃபை. அலமாரியை நகர்த்திய பிறகும் பின்னறை வரை எட்டவில்லை. இரண்டாவது வைஃபை பெட்டியை எங்கே வைக்கலாம் என்று அவர் யோசித்தார். நான் முற்றத்து ஜன்னல் திட்டைக் காட்டினேன். வைத்துவிட்டு, பின்னறைப் படியில் போய் நின்று பார்த்தார்.

"ஃபுல் லைன் லா ஆன்டி. எப்படித் தெரியும் ஒங்களுக்கு?"

நான் அவருக்குத் தேநீர் போடப் போனேன்.

பொட்டில் பசை காய்ந்திருந்தது, தொட்டதும் வந்துவிட்டது. ஒரு தாளில் மடித்து வைத்திருக்கிறேன். அவள் என்னை அத்தை என்று கூப்பிட்டுக்கொண்டு உள்ளே வருவாள். பெட்டியைக் கீழே வைத்ததும் இதை அவள் கையில் கொடுத்து, அன்றைக்கு அவள் சொன்ன விலாசம் அம்மா காதில் ஏன் விழவில்லை என்று சொல்லப்போகிறேன். நீங்கள் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் விட்டுவிட்டீர்கள். அவள் விடுவாளா என்று தெரியவில்லை. பயமாக இருக்கிறது அண்ணி.