மலைத் தண்ணீருக்கு ஒரே ஒரு பெயர்

பெர்த்தில் இருக்கும் அன்பு மகள் பெவர்லிக்கு அப்பா எழுதுவது. மாதாவின் தயவால் நானும் அம்மாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இது யாரையும் எழுதச் சொல்லி அனுப்பும் கடிதம் இல்லை மா, நானே மெதுவாக எழுதுகிறேன். மாதா கோயில் வகுப்பில் கற்றுக்கொண்ட எழுத்து. உன் பெயரை எழுதி முடித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, என்னவென்று அம்மா எட்டிப் பார்த்தாள். சந்தோஷம் அவ்வளவுதான், இனி எழுதப்போவது வேறு.

மலையிலிருந்து நம் லயத்து வீடுகளுக்கு வரும் தண்ணீரைப் பூட்டிவிட்டார்கள். தோட்ட நிர்வாகம் கைவிட்ட பிறகு நாங்களே பைப்பு இழுத்து, வீட்டுக்கு வீடு முறை வைத்துத் திறப்பது உனக்குத் தெரியும். முறை தவறித் திறந்தவர் மலையேறி, தண்ணீர் பிடிக்கும் மடையில் அடைத்துக்கொண்ட மண்ணைத் தனியாக அள்ள வேண்டும், ஆனால் அவர் வீட்டுக் குடிதண்ணீரை யாரும் நிறுத்தக் கூடாது. சாவு வீடு என்றால் எல்லார் முறையும் அந்த வீட்டுக்குத்தான். போன மாதம் நம் லயத்துச் சன்னாசி முறை தவறித் திறந்துவிட்டார். நீலாய் டவுனிலிருந்து புதிதாகக் குடிவந்த புவனேஸ்வரனுக்கு நம் வழக்கம் தெரியாது, நேராகப் போய்ப் போலீசில் ரிப்போர்ட் செய்துவிட்டான். கெட்ட பையன் இல்லை, அவன் இருந்த இடத்தில் அப்படித்தான். விசாரிக்க வந்த ஆபீசர் பைப்பு யாருடையது என்று வீடு வீடாகக் கேட்டார். என்னுடையது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. பக்கத்து வீட்டுப் பஞ்சாலை மட்டும், "நம்ம எல்லாரோடதும்தான் லா, நீங்களும் ஒரு வாய் குடிச்சிட்டுப் போங்க" என்று கிண்ணத்தை நீட்டியிருக்கிறாள். அவர் குடித்துவிட்டு, உரிமையாளர் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். பிறகு அரசாங்க ஆட்கள் வந்து மடைக்கு வேலி போட்டுச் சங்கிலியால் பூட்டினார்கள். சன்னாசி மண்வெட்டியோடு மலையேறிப் போய், வேலியைப் பார்த்துவிட்டு, மண்ணை அள்ள முடியாமல் திரும்பினார், அதற்குப் பிறகு வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை.

மழையும் இல்லை. அம்மா ஓடையில் கலங்கல் தண்ணீர் எடுத்து வடிகட்டிக் காய்ச்சுகிறாள், கையெல்லாம் புண். ஒரு பெயர் கொடுத்தால் பெர்மிட் தருவார்களாம், இந்த மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் பைப்பையே பிடுங்கிவிடுவார்களாம். எல்லார் பெயரையும் போடுங்கள் என்று கெஞ்சினோம், விண்ணப்பப் பாரத்தில் ஒரு பெயருக்குத்தான் இடம் என்றார்கள். இத்தனை வருடம் சண்டையில்லாமல் ஓடிய தண்ணீரை அப்படியே எழுதிவைக்கச் சட்டத்தில் ஓர் இடம் இல்லையா மா, படித்தவர்கள் யாராவது அங்கே இருந்தால் கேட்டுப் பார். லயத்தில் எல்லோரும் என் பெயரைச் சொல்கிறார்கள். அம்மாவோ, "ஒங்க பேர போட்டுட்டா எதுத்த வீட்டு மங்கம்மா நாளைக்கு நம்ம வாசல்ல வந்து நின்னு தண்ணி கேக்கணும், நான் எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு அவளுக்குக் குடுப்பேன்" என்று அழுகிறாள். பெயர் கொடுக்காவிட்டால் மங்கம்மாவுக்கும் இல்லை, நமக்கும் இல்லை. வேறு வழி தெரியவில்லை, கொடுக்கத்தான் போகிறேன்.

எனக்குப் பிறகு அந்தப் பெர்மிட் பிள்ளைக்குப் போகுமாம். நீ ஒரே பிள்ளை. அதனால், அப்பா பெயரில் இருக்கும் தண்ணீர் எனக்கு வேண்டாம், அது லயத்துக்காரர்களுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு மா. உனக்கு விட்டுப்போக என்னிடம் வேறு ஒன்றும் இல்லை, அது தெரிந்துதான் கேட்கிறேன்.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம், ஆண்டவர் உங்களைக் கைவிட மாட்டார். பதிலைப் போனில் சொல்லாதே, தாளில் எழுது, லயத்தில் எல்லார் முன்னாலும் நானே படித்துக் காட்ட வேண்டும்.

உன் அப்பா,
ஜோசப்ராஜ்