கடைசிக் கவுண்டர் பொண்ணு

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து மழை. விமானத்தில் வந்து இறங்குகிறவர்கள் வெளியே வந்ததும் வானத்தைப் பார்க்கிறார்கள், பிறகு நேராக எங்கள் வரிசைக்கு வந்துவிடுகிறார்கள். வரிசை முழுக்க, ஊருக்குள் கொண்டுபோய் விடும் வேன் கவுண்டர்கள்தான். எங்களுடையது கடைசி. மாமாவுக்கு, அதாவது அக்கா வீட்டுக்காரருக்கு, மழை என்றால் கொண்டாட்டம். நனைஞ்சவன் பேரம் பேச மாட்டான் என்பார்.

அக்கா பிரசவத்துக்கு உதவியாக என்று பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு இந்த நாட்டுக்கு வந்தவள் நான். அந்தக் குழந்தை இப்போது வீடு முழுக்க ஓடுகிறது. நான் இன்னும் ஊர் போய்ச் சேரவில்லை. இனி சும்மா எதுக்கு உட்கார வச்சுச் சோறு போடணும் என்று மாமா போன வாரம் என்னைக் கவுண்டரில் உட்கார வைத்துவிட்டார்.

"இந்த ஊமைக்கோட்டான் முகத்தைப் பார்த்தா எவனுக்கும் சந்தேகம் வராது" என்றார். அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

மார்ச் 6, வியாழன்

இன்று மாமா மெஷினைச் சொல்லிக் கொடுத்தார்.

வெளிநாட்டுக் கார்டைச் செருகினால் திரையில் இரண்டு தொகை வரும். மேலே, அந்த ஆளுடைய சொந்த நாட்டுப் பணத்தில். கீழே, இந்த நாட்டுப் பணத்தில். மேலே இருப்பதைப் பார்த்தால் அவர்களுக்கு நிம்மதி, தெரிந்த பணம் அல்லவா. ஆனால் அந்த மேல் தொகையில் மாற்று விலையை மெஷின் கம்பெனிதான் போடுகிறது. கணிசமாகக் கூட்டித்தான் போடும். கூட்டியதில் ஒரு பங்கு மாமாவுக்கு வரும். கீழே இருப்பதை அமுக்கினால் அவர்களுடைய பேங்கே மாற்றிக்கொள்ளும், குறைவாகத்தான் பிடிக்கும். மாமாவுக்கு ஒன்றும் வராது.

எதை அமுக்குவது என்பதை வருகிறவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அது சட்டமாம். மாமாவே சொன்னார், சொல்லிவிட்டுச் சிரித்தார்.

"மெஷினை அவங்க பக்கம் திருப்பாத. கார்டை வாங்கு, செருகு, மேல இருக்கறத அமுக்கு. அப்புறமா ரகசிய எண் போடச் சொல்லி நீட்டு. அதுக்குள்ள பெட்டியைத் தூக்கிடுவான் நம்ம டிரைவர். அவங்க கண்ணு பெட்டி பின்னாடியே போயிடும்."

நெட்டை டிரைவர் பக்கத்தில் நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். "கவலைப்படாத பாப்பா. உங்க மாமா கத்தியே இல்லாம முடி வெட்டுறவரு. நீ துண்டு மட்டும் போர்த்திவிட்டாப் போதும்."

மார்ச் 7, வெள்ளி

வந்த எல்லோருக்கும் நானே அமுக்கினேன். ஒருவர்கூட ஏன் என்று கேட்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்

ஊரில் அம்மாவுக்கு அடுத்த மாதம் கண் ஆபரேஷன். ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது, இந்தக் கண்ணையாவது காப்பாற்ற வேண்டும். பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ள யாரும் இல்லை. அக்கா போக வேண்டும்.

மாமா சாப்பிட்டு முடிக்கும்வரை அக்கா காத்திருந்து கேட்டாள். அவர் கையைத் துடைத்துக்கொண்டு அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார். "மெஷின் சொல்லட்டும். மாசக் கடைசியில மேல எத்தனை, கீழ எத்தனைன்னு சீட்டு வரும். அது நல்லா இருந்தா டிக்கெட். இல்லைன்னா அவங்கவங்க அம்மாவுக்கு அவங்கவங்க இருக்கற இடத்துல இருந்தே கும்பிட்டுக்கலாம்."

அக்கா என் தட்டில் இன்னும் கொஞ்சம் வைத்தாள். கெஞ்சுகிறாள் என்று புரிந்தது.

மார்ச் 13, வியாழன்

பச்சைச் சால்வை போர்த்திய ஒரு அம்மா. ரிட்டயர்டு டீச்சராம். மகளைப் பார்க்க வந்திருக்கிறார். நம் மொழி கேட்டதும் அவர் முகமே மாறிவிட்டது. என்ன படிக்கிறாய் என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அதற்கு மேல் தோண்டாமல், "சரி கண்ணு, கை ஜில்லுன்னு இருக்கே, கையுறை போட்டுக்கக் கூடாதா" என்றார்.

என் கை ஜில்லென்று இருப்பதை இங்கே யாரும் கேட்டதில்லை.

மெஷினைத் திருப்பி அவரிடமே காட்டினேன். பேச்சு வரவில்லை. கீழ்த் தொகையை நகத்தால் தொட்டேன். ஏன் என்றார். மெதுவாகச் சொன்னேன். "மேல இருக்கறது நம்ம ஊர்ப் பணம் மாதிரி தெரியும்மா. ஆனா கூடப் பிடிப்பாங்க. எங்க போனாலும் அந்த ஊர்ப் பணத்தையே அமுக்குங்க. உங்க பேங்க் மாத்திக்கும்."

அவர் அமுக்கிவிட்டு என் கன்னத்தைத் தட்டினார். நெட்டை டிரைவர் பெட்டியோடு முன்னால் போய்விட்டிருந்தார், கேட்கவில்லை.

நன்றாக இருந்தது. ரொம்ப நன்றாக இருந்தது.

மார்ச் 17, திங்கள்

நம் மொழி பேசி வருகிறவர்களுக்கு மட்டும் கீழே காட்டுகிறேன். மற்றவர்களுக்கு மேலேதான். இது என்ன நியாயம் என்று எனக்கே தெரியவில்லை. எல்லோருக்கும் காட்டத் தைரியம் இல்லை. ஒருவருக்கும் காட்டாமல் இருக்க மனமும் இல்லை.

மார்ச் 19, புதன்

மாமா இந்த வாரச் சீட்டை மெஷினிலிருந்து எடுத்துப் பார்த்தார். என்னை ஒன்றும் சொல்லவில்லை. அக்காவைக் கூப்பிட்டு என் எதிரில் உட்கார வைத்தார். அவள் போட்டிருந்த ஸ்வெட்டர் யார் வாங்கியது என்று கேட்டார். செருப்பு யார் வாங்கியது. குழந்தைக்குப் பால் யார் வாங்குவது. ஒவ்வொன்றுக்கும் அவள் "நீங்கதான்" என்று சொல்ல வேண்டும். மெதுவாகச் சொன்னால் மறுபடி கேட்டார். குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்துக் கூடவே "நீங்கதான், நீங்கதான்" என்று கைதட்டியது.

அவர் எழுந்து போன பிறகு அக்கா என் பக்கம் திரும்பினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

"நல்லவளா இருக்கணும்னா உன் செலவுல இருடி. என் செலவுல இருக்காத."

மார்ச் 22, சனி

இன்று எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

பச்சைச் சால்வை அம்மா யாரையோ வழியனுப்ப வந்தவர், என்னைத் தேடிக்கொண்டு கவுண்டருக்கே வந்துவிட்டார். கையில் ஒரு ஜோடி கம்பளிக் கையுறை. எனக்காக வாங்கினாராம். மாமா அங்கேயே நின்றுகொண்டிருந்தார். முதலாளி நீங்களா என்று கேட்டு அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். எல்லாவற்றையும்!

"உங்க பொண்ணா? தங்கமான பொண்ணுங்க. எதை அமுக்கணும்னு அதுவே காட்டிக் கொடுத்துச்சு. இந்த ஊர்ல போற இடமெல்லாம் எங்களை ஏமாத்தினாங்க, டாக்ஸியில, ரயில் டிக்கெட்டுல. இங்க மட்டும்தான் நேர்மை. எங்க ஊர்க்காரங்க வாட்ஸ்அப் குரூப்ல எழுதிட்டேன். கடைசிக் கவுண்டர்ல அமைதியா ஒரு பொண்ணு இருக்கும், அதுகிட்ட மட்டும் போங்கன்னு."

மாமா கைகூப்பிக் கேட்டுக்கொண்டிருந்தார். "எங்க வளர்ப்பும்மா" என்றார்.

அந்த அம்மாவின் சால்வையைப் பிடித்துக்கொண்டு கூடவே போய்விடலாமா என்றிருந்தது. போயிருந்தால்? எங்கே போவது? அவர் கையசைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 23, ஞாயிறு

மாமா திட்டவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது.

காலையில் டீ குடித்துக்கொண்டே சிரிக்கத் தொடங்கினார். கண்ணில் தண்ணீர் வரும் அளவுக்குச் சிரித்தார். "நான் விளம்பரத்துக்கு எவ்வளவு கொட்டியிருக்கேன். இவ வாயே திறக்காம ஊரைக் கூட்டிட்டா." பிறகு என்னிடம், "இனிமே உன்னைத் தேடி வருவாங்க. மெஷினைப் பார்க்கக்கூட மாட்டாங்க. நல்ல பேரு எடுத்துட்ட இல்ல? இனி அதை வச்சே மேல அமுக்கு."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் குளியலறைக்குப் போய்க் கதவைத் தாழ் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 27, வியாழன்

குரூப்பிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. தாத்தா, பாட்டி, மகன், மருமகள். "நீதானாம்மா அந்தப் பொண்ணு?" என்றார்கள். கார்டைக் கொடுத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். மாமா சொன்னது சரிதான், பார்க்கவே இல்லை.

கீழே அமுக்கினேன்.

மாலையில் மாமா மெஷின் சீட்டைப் பார்த்துவிட்டு அக்காவிடம் போனைக் கொடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு, அம்மாவைக் கூப்பிடச் சொன்னார். வரலைன்னு நீயே சொல்லு என்றார். அம்மா எடுத்ததும் முதலில் குழந்தையைக் கேட்டாள். பிறகு என்னை. பிறகு, "எப்பம்மா வர்ற? ராத்திரியில சுவரைத் தடவிக்கிட்டுத்தான் நடக்கறேன். நீ வந்துட்டா தைரியமா இருக்கும்."

மாமா விரலால் போனைத் தட்டினார். சொல்லு.

"நான் வரலம்மா. இங்க வேலை."

"சரிம்மா" என்றாள் அம்மா. "சரிம்மா. வேலைன்னா என்ன பண்றது."

திட்டியிருந்தால் தாங்கியிருக்கலாம். வைத்த பிறகு அக்கா அழவில்லை. போன் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். மாமா குழந்தைக்கு ஆப்பிள் நறுக்கிக் கொடுத்தார்.

மார்ச் 28, வெள்ளி

மேலே அமுக்கினேன்.

மார்ச் 31, திங்கள்

சீட்டு நன்றாக வந்திருக்கிறதாம். மாமா டிக்கெட் எடுத்துவிட்டார். அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். அவள் தோளில் நான் மரக்கட்டை மாதிரி இருந்தேன். நன்றி என்று சொன்னாள். சொல்லாதே என்று சொல்ல நினைத்தேன்.

ஏப்ரல் 4, வெள்ளி

அக்காவும் குழந்தையும் கிளம்பினார்கள். அவள் ஏற்பாட்டில் நான் பக்கத்து வீட்டு நர்ஸ் அக்காவிடம் தங்கிக்கொள்கிறேன். நர்ஸ் அக்கா வந்து படுத்ததும் குறட்டை. நிம்மதியாக இருக்கிறது.

குரூப்பிலிருந்து தினமும் யாராவது வருகிறார்கள். ஒருவர் பிஸ்கட் கொடுத்தார். ஒருவர் என்னோடு போட்டோ எடுத்துக்கொண்டார். கையுறையைப் போட்டுக்கொண்டு பொத்தானை அமுக்கினால் சரியாக விழுவதில்லை. கழற்றி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

ஆபரேஷன் ஆகிவிட்டது. கண் தெரிகிறதாம். கட்டைப் பிரித்ததும் அம்மா அக்காவின் முகத்தை ரொம்ப நேரம் பார்த்தாளாம். பிறகு போட்டோவில் என்னைப் பார்த்து, இளைச்சுட்டா என்றாளாம். அவள் பார்த்தது, அந்த ஆள் என்னோடு எடுத்துக்கொண்ட போட்டோ. அதைக் குரூப்பில் போட்டு, அது எப்படியோ ஊர்வரை போயிருக்கிறது.

அழுதேன். சந்தோஷத்தில்தான். பாதியாவது சந்தோஷத்தில்தான்.

ஏப்ரல் 24, வியாழன்

அக்கா வந்துவிட்டாள். கவுண்டர் எப்படிப் போகிறது என்று கேட்கவில்லை.

இன்று மதியம் தூறலில் ஒரு வயதான தம்பதி. அவர் பணம் கட்டும் முன் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு மெஷினை எட்டிப் பார்த்தார். குரூப்பிலிருந்து வந்தவர்களில் ஒருவர் மெஷினைப் பார்ப்பது இதுதான் முதல் தடவை. "இதுல எதையோ அமுக்கக் கூடாதுன்னு சொன்னாங்களேம்மா, மேலதா, கீழதா?" என்றார்.

மாமா இல்லை. நெட்டை டிரைவர் வேனில். யாரும் என்னைக் கவனிக்கவில்லை. அம்மா கண் சரியாகிவிட்டது. அக்கா திரும்பி வந்தாயிற்று. ஒன்றும் பாக்கியில்லை.

"கீழ இருக்கறதத்தான் அமுக்கக் கூடாதுங்க தாத்தா. கண்ணாடி நனையுது பாருங்க, உள்ள வைங்க. நான் பார்த்துக்கறேன்."

நிறுத்தாமல், திக்காமல், அத்தனையும் ஒரே மூச்சில் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டார். பாட்டி, "வாய் நிறையப் பேசுது, இதையா ஊமைன்னு சொன்னாங்க" என்று சிரித்தார்.

மாலை வெயில் வந்தது. கூட்டம் நிறைய.